என்விக்கும் ஜெலஸிக்கும் நடுவில் ஒரு ராஜினாமா

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில், பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவர்களுக்கு நான் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் டுடோரியல் காலேஜ் என்று போர்டு. காலேஜுக்குரிய எதுவும் உள்ளே கிடையாது. கீழே மூட்டை இறக்கினால் மேலே வகுப்பு முழுக்கத் தும்மும். பரீட்சையில் இரண்டு வார்த்தையைக் கொடுத்து வித்தியாசம் எழுதச் சொல்வார்கள். லெண்ட், பாரோ. ஹியர், லிசன். ராப், ஸ்டீல். ஒவ்வொன்றுக்கும் கைவசம் ஒரு கதை வைத்திருந்தேன். தெரியாமல் பாக்கெட் அடித்தால் ஸ்டீல், கத்தியைக் காட்டிப் பிடுங்கினால் ராப். பிள்ளைகள் சிரிக்கும், மறக்காது. இந்த விஷயத்தில் ஊரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், என்வின்னா இன்னா, ஜெலஸின்னா இன்னா சார்? ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?" என்று கேட்டாள். என் டிக்‌ஷனரியில் இரண்டுக்கும் எதிரே பொறாமை என்றுதான் போட்டிருந்தது. தெரியாது என்று சொல்ல வாத்தியாருக்கு வாய் வருமா? "ஒண்ணு சின்ன பொறாமை, இன்னொண்ணு பெரிய பொறாமை. எழுதிக்க" என்றேன். எழுதிக்கொண்டாள், பாவம்.

வீட்டுக்கு வந்து இதை ஒரு தமாஷாக மனைவியிடம் சொன்னேன். அவள் என் மாமன் மகள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். சின்ன வயசிலிருந்து கூட விளையாடியவள் என்பதால் என்னை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். நாலு பேர் எதிரிலும், கோபம் வந்தாலும் மட்டும் 'ங்க' சேர்ப்பாள். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவள் என் தமாஷுக்குச் சிரிக்கவில்லை.

"அப்டி இல்ல மாமா. பக்கத்து வூட்டுக்காரி கட்டிகினு வர்ற பட்டுப் பொடவைய பாத்து, இது நம்மகிட்ட இல்லையேன்னு வயிறு எரிஞ்சா, அது என்வி. நம்ம பொடவைய அவ இஸ்துகினு பூடுவாளோன்னு பொட்டிக்கு பூட்டு போட்டுகினு பக்கத்துலயே ஒக்காந்திருந்தா, அது ஜெலஸி. இல்லாததுக்கு எரியறது ஒண்ணு. இருக்கறது போயிடுமோன்னு எரியறது ஒண்ணு."

"யார் சொன்னா?"

"ட்ரெயினிங்ல எங்க டீச்சர் சொன்னாங்க. ஏன், தப்பா?"

தப்பில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். மறுநாள் வகுப்பில் அதே புடவையை நானே கண்டுபிடித்ததுபோல் நடத்தினேன். கூடவே என் சரக்கையும் கொஞ்சம் சேர்த்தேன். 'ஐ என்வி யூ' என்று வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே சொல்லலாம், அது பாராட்டு மாதிரி. 'ஐ ஆம் ஜெலஸ்' என்று சொன்னால் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். ஜெலஸ் ஹஸ்பண்ட் என்று புத்தகத்தில் வரும், என்வியஸ் ஹஸ்பண்ட் என்று நான் எங்கேயும் படித்ததில்லை. பிள்ளைகள் தலையாட்டின. புடவை யார் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை.

நாங்கள் இருவருமே கடலூர் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்திருந்தோம். அப்போதெல்லாம் வாத்தியார் வேலை என்றால் பதிவு மூப்புதான். முதலில் பதிந்தவருக்கு முதலில் கூப்பிட்டனுப்புவார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, குறித்த மாதத்துக்குள் கார்டைப் புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டால் போச்சு, வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். அவளுடைய மாதம் வந்தபோது காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பஸ் ஏற்றி அனுப்பினவன் நான். என் மாதம் வந்தபோது சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். ஆபீசர் ஆகப்போகிறவன் வாத்தியார் கார்டைப் புதுப்பிக்கக் கடலூர் போவானா என்று ஒரு திமிர். ரிசல்ட் வந்தது, என் நம்பர் வரவில்லை. அலறியடித்துக்கொண்டு கடலூருக்கு ஓடினேன்.

"தேதி தாண்டிப்போச்சு சார். பழைய சீனியாரிட்டி கெடையாது. புதுசா பதிஞ்சிகினு போங்க" என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர்.

ஒன்பது வருஷ மூப்பு, அந்த ஜன்னலில் போனது. தவறு முழுக்க என்னுடையது. அது தெரிந்திருந்தும், அவள் கார்டுக்காக நான் காலண்டரில் போட்ட சிவப்பு வட்டத்தை நினைத்து நினைத்து மனம் வெந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. டீக்கடை பெஞ்சில் சதவீதம் பேசாத ஆள் கிடையாது. படித்துவிட்டுச் சும்மா இருக்கிறவன் வீட்டுக்கு ஒருவனாவது இருந்தான். ஊர்க்கூட்டம், சுவரொட்டி, ஊர்வலம். அரசாங்க உத்தியோகம் என்ற சொல்லை ஜனங்கள் சாமி பெயரைப்போல் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. நான் கையை நீட்டினேன். போஸ்ட்மேன் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு இல்ல சார், அம்மாவுக்கு" என்றார்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து போகிற சின்ன ஊர் ஒன்றில் ஆரம்பப் பள்ளி. இடைநிலை ஆசிரியை. அவள் உத்தரவை மூன்று தடவை படித்துவிட்டு, என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அப்புறம் கடைக்குப் போய் லட்டு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தேன். "சார், குடுத்து வச்சவரு சார் நீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்கள். ஒவ்வொரு வாசலிலும் பல்லைக் காட்டினேன். வயிறு பற்றி எரிந்தது. இதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன் என்பதால் லேசாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் பெண்டாட்டிக்கு வேலை கிடைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. என்னைவிடக் கம்மியாகப் படித்தவள், எனக்கு முன்னால் ஜெயித்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

அதை வெளியே சொல்ல முடியுமா? எனக்கு நானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் அவள் மலைக்குப் போவாள். வெள்ளிமலையில் நர்ஸம்மா ஒருத்தியோடு ஒரே அறையில் தங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வருவாள். வந்ததும் வாய் ஓயாது. சாமை அறுப்பு வந்தால் பாதிப் பிள்ளைகள் வராததை, கடுக்காய் பொறுக்கப் போனவனைத் தேடிப்பிடித்து வந்ததை, அ, ஆ எழுதத் தெரிந்த பெண் தன் அம்மாவுக்குக் கற்றுக்கொடுப்பதை, எல்லாம் சொல்வாள். பேச்சுக்குப் பேச்சு 'எங்க இஸ்கூலு, எங்க இஸ்கூலு' என்று வரும். எனக்குச் சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை கேட்டேன். "தெனம் அந்த ஒரு மணி நேரம் எத்தினி பேரு நடந்து போவீங்க?"

"நானும் எங்க ஹெட்மாஸ்டர் சாரும்தான். அவருக்கு வெள்ளிமலைதான் ஊரு. மொத்த இஸ்கூலுக்கும் நாங்க ரெண்டு பேருதான மாமா."

"வயசானவரா?"

"உன் வயசுதான் இருக்கும்."

கிடைத்தது எனக்கு ஒரு பிடி. அன்றைக்கு எனக்குள் ஏதோ நிம்மதியாகக்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தாற்போல. பெண்டாட்டி மேல் சந்தேகம் என்றால் ஊர் ஒத்துக்கொள்ளும். ஆம்பிளை என்றால் அப்படித்தான் என்று தோளில் கை போடும். பெண்டாட்டியின் உத்தியோகத்தைப் பார்த்துப் புகைகிறான் என்றால் காறித் துப்பும். எங்கள் ஜனங்கள் இதில் தெளிவானவர்கள். ஒன்றை வயிற்றெரிச்சல் என்பார்கள், இன்னொன்றைச் சந்தேகம் என்பார்கள். இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொண்டவன் டிக்‌ஷனரியும் கையுமாகத் திரிந்த நான்தான்.

டுடோரியலில் கணக்கு வாத்தியாரிடம் மெல்ல இழுத்தேன். உடனே அவர் குரலைத் தாழ்த்தி, "காலங்கெட்டுக் கெடக்குது சார். நானா இருந்தா அனுப்பியே இருக்க மாட்டேன்" என்றார். ஆறுதலாக இருந்தது. சனிக்கிழமை தவறாமல் விசாரணை வைத்தேன். அவர் முன்னால் நடப்பாரா, நீ முன்னால் நடப்பாயா? இன்னா பேசிக்கினு போவீங்க? மழை பேஞ்சா எங்க ஒதுங்குவீங்க? முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் அந்த சாரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். பேசாததையும் நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

இப்படியே மாதங்கள் ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெட்டப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம், "இவரு யாருன்னு தெரியலயா? மலைக்கு போவாங்களே ஒரு டீச்சர், அவங்க வூட்டுக்காரரு" என்றார். பத்து வருஷமாக நான் அந்த ஊரில் இங்கிலீஷ் சார். ஒரே வரியில் ஆளை மாற்றிவிட்டார்கள். முடி வெட்டாமலே எழுந்து வந்தேன்.

வந்ததும் சொன்னேன். "வேலைய வுட்டுடு. எனக்கு அந்த ஆளு கூட நீ நடந்து போறது புடிக்கல. ஊரே பேசுது."

ஊர் அப்படி எதுவும் பேசவில்லை.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒங்களுக்கு நெசமாவே அதான் கஷ்டமா?" என்று கேட்டாள்.

"பின்ன இன்னா?"

"சரிங்க. இங்கிலீஷ் தெரிஞ்சவரு நீங்கதான. எழுதிக் குடுங்க. கையெழுத்து போடறேன்."

அந்த 'ங்க' என் காதில் விழுந்தது. இருந்தாலும் உட்கார்ந்தேன். ஞாயிறு முழுக்க எழுதினேன். கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக என்பதற்கு இங்கிலீஷில் எவ்வளவு நீளமான, எவ்வளவு மரியாதையான வார்த்தைகள் இருக்கின்றன தெரியுமா? அன் அவாய்டபிள் டொமெஸ்டிக் சர்கம்ஸ்டன்ஸஸ். உள்ளே என்ன நாறினாலும் மேலே ஒரு ஜமுக்காளம் விரித்தாற்போல் இருக்கும். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் நான் எழுதியதில்லை. அவள் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை அதைப் பையில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

அன்றைக்கு மத்தியானம் இட ஒதுக்கீடு கேட்டவர்கள் சாலை மறியலில் இறங்கி, மரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். விழுப்புரம் ரோடு, சேலம் ரோடு, சங்கராபுரம் ரோடு, எதிலும் வண்டி போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆடு படுத்துக் கிடந்தது. டுடோரியலுக்குப் பூட்டுப் போட்டார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. மலையில் போன் கிடையாது. புதன்கிழமை வரை பொறுத்தேன். கடுதாசியைக் கொடுத்தாளா, இல்லையா? கொடுத்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்குமா? இதற்கு நடுவில், இறங்கி வர வழியில்லாமல் அந்த ஆளும் அவளும் அங்கேயே. வியாழக்கிழமை விடியும்போதே சைக்கிளை எடுத்தேன். தெருவில் கேட்டவர்களிடம், "தனியா மாட்டிகினாங்க, பாத்துட்டு வரேன்" என்றேன்.

கச்சிராயபாளையம் போகிற வழியில் நாலு இடத்தில் மரம் கிடந்தது. ஒவ்வொரு இடத்திலும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டினேன். மூன்றாவது மரம் பெரிய புளியமரம். அதன்மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் பெரியப்பா மகன். பி.காம். படித்துவிட்டு ஆறு வருஷமாக எங்கேயும் வேலை கிடைக்காமல் அப்பாவின் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவன்.

"இன்னாண்ணா, எங்க கெளம்பிட்ட இவ்ளோ காலைல?"

"ஒங்க அண்ணி மலையில மாட்டிகினா. கூட்டிகினு வரப் போறேன்."

"டேய், வழி வுடுங்கடா. எங்க அண்ணி டீச்சரு. கெவுர்மென்ட் டீச்சரு." அவன் குரலில் ஒரு பெருமை. கூட இருந்தவர்கள் எழுந்து சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒருவன் தூக்குவாளியிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். பெரியப்பா மகன் என் தோளில் கை வைத்து, "நம்ம வகையறாவுலயே மொத உத்தியோகம்ணா அது. நாங்க இங்க எதுக்கு ஒக்காந்துகினு கெடக்கறோம்? ஆளுக்கு ஒண்ணு இப்டி கெடைக்காதான்னுதான. பத்ரமா பாத்துக்க" என்றான்.

டீ டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் எதற்காக ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்களோ, அதைத்தான் நான் என் கையால் எழுதித் தூக்கி எறியச் சொல்லியிருந்தேன். அவனிடம் அதைச் சொல்லியிருந்தால் அந்தப் புளியமரத்திலேயே என்னைக் கட்டி வைத்து உதைத்திருப்பான். வாயைத் திறக்காமல் சைக்கிளை மிதித்தேன்.

மலையில் மரம் வெட்டவில்லை. அடிவாரத்தில் சைக்கிளை ஒரு டீக்கடையில் போட்டுவிட்டு, புளி ஏற்றப் போகிற ஜீப்பில் தொத்திக்கொண்டு வெள்ளிமலை போனேன். அங்கே வழி கேட்டு நடந்தேன். ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் புதர். நடுவில் ஓர் ஓடை. பாதி வழிக்கு மேல் ஒரு மனித முகம் கண்ணில் படவில்லை. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று இருக்கும்.

ஓட்டுக் கட்டடம், ஒரே ஹால். வெளியே வேப்பமரத்தடியில் ஒருவர் சின்னப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்ல வைத்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், சுருள்முடி, வெள்ளைச் சட்டை. என்னைவிட லட்சணமான ஆள். நாலு மாதமாக ராப்பகலாக நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஆள் இவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. எரியப் போகிறது என்று காத்திருந்தேன். எரியவில்லை. ஒன்றுமே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். என் மனைவி மேஜைக்குப் பின்னால் நின்று எதையோ சொல்ல, முப்பது பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தன. மேஜைமேல் வருகைப் பதிவேடு, சாக்பீஸ் டப்பா, ஒரு கைமணி. பின்னால் கை வைத்த மர நாற்காலி. அந்த நாற்காலியைப் பார்த்தேன் பாருங்கள், அப்போது எரிந்தது. அந்த இடத்தில் நான் அல்லவா நிற்க வேண்டும்? அவளைப் பார்த்து, என் மனைவியைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பட்டுப் புடவையைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை.

"யாருங்க?" என்றார் சார், பின்னால் வந்து.

சொன்னேன். மனுஷனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். உள்ளே கூட்டிக்கொண்டு போய் அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார். அவள் என்னைப் பார்த்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தாள். சார் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, அலமாரியிலிருந்து என் கடுதாசியை எடுத்து வந்தார்.

"டீச்சர் திங்கக்கெழமையே குடுத்துட்டாங்க சார். படிச்சி பாத்தேன். அருமையான இங்கிலீஷ் சார், எனக்கே பாதி புரியல. ஆனா நம்ம ஆபீஸ்ல எல்லாம் இப்ப தமிழ்லதான் கேக்கறாங்க. இப்டியே அனுப்புனா திருப்பி அனுப்பிடுவாங்க. தபாலும் போகல இல்ல, அதான் வச்சிருக்கேன். நீங்களே வந்துட்டீங்க. தமிழ்ல ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க." ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் எதிரே வைத்தார்.

அசடு வழிந்தது எனக்கு. அரசாங்க ஆபீஸ் தமிழில் நடக்கிறது என்பது தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். இங்கிலீஷ் வாத்தியாருக்குத் தெரியவில்லை.

சார் போகவில்லை, தயங்கினார். "நல்ல டீச்சர் சார். போகாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஒரே ஒரு விஷயம், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. நாலு மாசமா எங்கூட நடந்து வர்றதில்ல. நான் போயி அரை மணி கழிச்சிதான் கெளம்பறாங்க, காலைலயும் சாயங்காலமும். ஓடைகிட்ட கரடி எறங்கற எடம் சார் அது. நாங்களே தனியா போக மாட்டோம். எத்தினி தடவ சொன்னாலும் கேக்கல. எங்க மேல எதுனா வருத்தமோ என்னமோ."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் தாளைக் காட்டினாள்.

"எழுது மாமா."

பேனாவை எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், ஐயா, எல்லாம் வந்துவிட்டது. அடுத்த வரி, நான் என் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். அதுவும் வந்தது. காரணம் என்று எழுதினேன். கை நின்றுவிட்டது. தமிழில் எந்த ஜமுக்காளத்தை எடுத்து விரித்தாலும் அடியில் இருப்பது எனக்கே தெரிந்தது.

"ஏன் நின்னுட்ட? காரணம் இன்னான்னு எழுதப் போற? எழுது, நானும் தெரிஞ்சிக்கறேன்."

"எனக்கு உன்மேல சந்தேகம் இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "எப்பவும் இல்ல. இந்த வேல… இது உனக்கு வந்துச்சே, எனக்கு வரலயேன்னு. என்னால தாங்க முடியல. அத சொல்ல வெக்கமா இருந்துச்சி."

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பெஞ்சில், பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில், என் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் வுட்டா இது உனக்கு வருமா மாமா?"

"வராது."

"வர்றதா இருந்தா குடுத்துடுவேன். நெசமா சொல்றேன், இப்பவே குடுத்துடுவேன். எனக்கு கார்டு புதுப்பிக்க பஸ் ஏத்தி அனுப்புனது நீதான." முந்தானையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். "சந்தேகப்படறியேன்னு உனக்காகத்தான் தனியா நடந்தேன். தெனம் ரெண்டு வேள. ஓடைகிட்ட வந்தா காலு நடுங்கும். கரடி வந்து அடிச்சிப் போட்டா கூட, நான் தப்பானவ இல்லன்னு உனக்கு தெரிஞ்சா போதும்னு சாமி கும்பிட்டுக்கினு நடந்தேன். உனக்கு தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சிகினே நடக்க வுட்டிருக்க."

மன்னித்துக்கொள் என்று வாய் வரை வந்தது. அந்த வார்த்தையும் எனக்கு அப்போது ஒரு ஜமுக்காளமாகத்தான் தெரிந்தது.

அவள் எழுந்தாள். என் இங்கிலீஷ் கடுதாசியையும் நான் பாதி எழுதிய தமிழ்த்தாளையும் எடுத்து, நாலாகக் கிழித்துச் சாக்பீஸ் தூள் கொட்டுகிற கூடையில் போட்டாள். கைமணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அடித்தாள். பள்ளி விட்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின.

சார் அலமாரியைப் பூட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் முன்னால் கிளம்பினார். பத்தடி போயிருப்பார்.

"சார், இருங்க. நானும் வரேன்" என்றாள் அவள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இருவரும் முன்னால் நடந்தார்கள். மறுநாள் எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று பேசிக்கொண்டே போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வா என்றும் சொல்லவில்லை. நான் இருபது முப்பது அடி தள்ளித் தனியாக வந்தேன். பாதை வளைகிற இடத்தில் அவர்கள் மறைந்தார்கள், பேச்சுச் சத்தமும் நின்றுபோனது. ஓடைக்குப் பக்கத்தில் வந்தபோது வலதுகைப் பக்கம் புதர் அசைந்தது. காற்றாக இருக்கலாம். எனக்குக் கால் நடுங்கியது. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன், கூப்பிடவில்லை.